எலும்புருக்கி நோயும் சென்னைப் பட்டணமும்

ஒரு நோய்க்கு மக்கள் இட்டு வழங்கும் பெயரை ஆராய்ந்தால், அந்நோயை அவர்கள் எவ்வாறு நோக்கினர் என்பது விளங்கும். இன்று நாம் காசநோய் என்று அழைப்பதை நம் முன்னோர் எலும்புருக்கி என்றனர். வடமொழியாளர் க்ஷயம் என்றனர். தேய்வு என்பது அதன் பொருள். அரபு மருத்துவ நூல்களில் இதன் பெயர் ‘ஸில்லு’. உறையிலிருந்து வாளை உருவுதலைக் குறிக்கும் வினைச்சொல்லும் இதுவும் ஒரே வேரெழுத்துகளைக் கொண்டவை. உடலென்னும் உறையிலிருந்து உயிர் சிறுகச் சிறுக உருவப்படுவதை அச்சொல் நம் கண்முன் நிறுத்துகிறது. ஆங்கிலேயரும் முன்னாளில் ‘கன்ஸம்ப்ஷன்’ என்றனர். தின்று தீர்ப்பது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

இப்பெயர்கள் யாவும் பாயில் கிடப்பவரை மட்டுமே பார்த்தன. அவர் மெலிவதையும் உருகுவதையும் தேய்வதையும் சொல்லின. அவருக்குக் கஞ்சி புகட்டும் மனைவியைப் பற்றியோ, அவர் அருகில் உறங்கும் குழந்தையைப் பற்றியோ எந்தப் பெயரும் பேசவில்லை. ‘கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூலை இயற்றிய இப்னு ஸீனா (980–1037), ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றக்கூடிய நோய்களின் வரிசையில் ‘ஸில்லு’ நோயையும் வைத்தார் என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்கது. ஆயினும் எது தொற்றுகிறது, எவ்வாறு தொற்றுகிறது என்பதைக் கண்டறியும் கருவி அவர் காலத்தில் இல்லை.

1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய அறிஞர், இந்நோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டுவிட்டதாக அறிவித்தார். அன்று முதல் இந்நோயின் வரலாறு இருவகை வரலாறாயிற்று. ஒன்று, நோயாளரைக் குணப்படுத்தும் முயற்சி. மற்றொன்று, அவர் யார், எங்கே வாழ்கிறார், யாருடன் உறங்குகிறார் என்று அறிந்து தொடரும் முயற்சி. முதலாவது வரலாறு மருந்துகளின் பெயரால் பலருக்கும் தெரிந்தது. இரண்டாவது வரலாற்றில் நம் சென்னைப் பட்டணத்துக்கு உலகம் ஒப்புக்கொண்ட ஓர் இடம் உண்டு. அதனை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

பதிவேடு பிறந்த கதை

1887-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ராபர்ட் பிலிப் என்னும் இளம் மருத்துவர், பேங்க் ஸ்ட்ரீட் என்னும் தெருவில் ஒரு சிறு மருந்தகத்தைத் திறந்தார். காசநோயாளருக்கென்றே ஏற்பட்ட மருந்தகம் அது. அங்கு வந்தவருக்கு மருந்து கொடுத்து அனுப்புவதோடு அவர் நிற்கவில்லை. நோயாளரின் வீட்டுக்குத் தாதியை அனுப்பினார். சன்னல் உண்டா, எத்தனை பேர் ஓரறையில் உறங்குகின்றனர் என்று கேட்டறியச் செய்தார். பின்னர் வீட்டிலுள்ளோர் அனைவரையும் வரிசையாக வரவழைத்துப் பரிசோதித்தார். ஒரு நோயாளரைக் கண்டால் ஒரு குடும்பத்தையே காணவேண்டும் என்பது அவர் கொள்கை.

அக்காலத்தே அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஹெர்மன் பிக்ஸ் என்பவர் வேறொரு வழியை மேற்கொண்டார். நகர சுகாதாரத் துறை சளியை இலவசமாகச் சோதித்துக் கொடுக்கும். அதற்கு ஈடாக நோயாளரின் பெயரும் முகவரியும் துறைக்குத் தரப்படவேண்டும். 1897-இல் இது எல்லா மருத்துவர்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தனர். நோயாளரின் இரகசியத்தை அரசுக்குச் சொல்வது தொழில் அறத்துக்கு மாறானது என்றனர். பெயர் வெளியானால் வேலை போகும், இன்சூரன்ஸ் பணம் போகும், அண்டை வீட்டார் முகம் திருப்புவர் என்று குடும்பங்கள் அஞ்சின. காசநோயை மார்ச்சளி என்றும் இருமல் என்றும் எழுதிச் சமாளித்த மருத்துவர்களும் இருந்தனர்.

பதிவேடு என்பது இருமுனையுடைய ஒன்று என்பதை இங்கே நாம் கவனிக்கவேண்டும். நம் மஹல்லாவின் தஃப்தரில் ஒருவர் பெயர் இருந்தால், அவர் இன்பத்திலும் துன்பத்திலும் ஜமாஅத் அவரை நாடிவரும் என்பது பொருள். காவல் நிலையத்தின் ஏட்டில் ஒருவர் பெயர் இருந்தால் அதன் பொருள் வேறு. காசநோயாளரின் பெயர் எழுதப்படும் ஏடு இவ்விரண்டில் எதனைப் போன்றது என்ற ஐயம் நியூயார்க்கில் எழுந்தது. எல்லா நகரங்களிலும் அது தொடர்ந்தது.

படுக்கை தேடி அலைந்த காலம்

கிருமி தெரிந்தது, ஆனால் அதனைக் கொல்லும் மருந்து அடுத்த அறுபது ஆண்டுகளுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகிய மூன்றையுமே மருத்துவர்கள் நம்பினர். ஊருக்கு வெளியே மலையிலோ காட்டிலோ அமைந்த சானடோரியங்களில் நோயாளர் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் கிடந்தனர். தென்னாட்டில் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் சானடோரியம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. 1928-இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். 1937-இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையம் இன்றும் ‘சானடோரியம்’ என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.

இவை எத்தனை பேருக்குப் பயன்பட்டன? 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை ஒரு கணக்குச் சொல்லிற்று. அன்றைய இந்தியாவில் காசநோயாளர் சுமார் 25 லட்சம் பேர். ஆண்டுதோறும் இறப்பவர் சுமார் 5 லட்சம். அவர்களுக்காக இருந்த படுக்கைகளோ ஏறக்குறைய 6,000. நானூறு நோயாளருக்கு ஒரு படுக்கை என்னும் கணக்கில், பரிந்துரைக் கடிதம் பெற்றவர்கூடத் தம் முறை வருவதற்குள் மண்ணறைக்குச் சென்றனர். எல்லோருக்கும் படுக்கை அமைப்பதென்றால் ஏழை நாட்டின் கருவூலம் அதற்குப் போதாது.

இதற்கிடையில் மருந்துகள் வந்தன. 1943-இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1948-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதனைச் சோதித்த முடிவை வெளியிட்டது. மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர் 4 பேர். ஓய்வு மட்டும் கொண்ட 52 பேரில் இறந்தவர் 14 பேர். ஆனால் அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஒரே மருந்தைக் கொடுத்தபோது கிருமி அதனை எதிர்த்து நிற்கப் பழகிக்கொண்டது. பிழைத்தவரிற் பலர் பின்னர் மீண்டும் வீழ்ந்தனர். அதன்பின் பாஸ் என்னும் மருந்தும், 1952-இல் ஐசோனியாசிட் என்னும் மருந்தும் வந்தன. இரண்டு மருந்துகளைச் சேர்த்து, இடைவிடாது, நீண்ட நாள் கொடுத்தால் கிருமியை வெல்லலாம் என்பது உறுதியாயிற்று. ஐசோனியாசிட் விலை குறைந்தது, விழுங்க எளியது. பாஸ் அவ்வாறன்று, நாள்தோறும் பல கிராம் விழுங்கவேண்டிய, குமட்டல் தரும் மருந்து.

சென்னையில் எழுந்த கேள்வி

மருந்தே நோயைக் குணப்படுத்துமாயின் சானடோரியம் எதற்கு? கூரை ஒழுகும் குடிசையில், ஓரறையில் ஆறேழு பேரோடு உறங்கி, அரைவயிறு உண்ணும் ஏழையும் வீட்டிலிருந்தபடியே குணமடைவாரா? அவரை வீட்டில் வைத்தால் வீட்டிலுள்ளோர் கதி என்ன? இக்கேள்விகளுக்கு விடை காணும் பொருட்டு 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. மைய அரசின் காசநோய் ஆலோசகராயிருந்த டாக்டர் பி.வி. பெஞ்சமின் அதற்கு ஆதரவாக நின்றார். வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதனை முதலில் தலைமையேற்று நடத்தினார். ஐந்தாண்டுக்கென்று தொடங்கிய அம்மையம் நிலைத்துவிட்டது. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குவது அதுவே.

ஆய்வுக்கு 193 நோயாளர் ஏற்கப்பட்டனர். பெரும்பாலோர் பட்டணத்தின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். யாரை வீட்டில் வைப்பது, யாரைச் சானடோரியத்துக்கு அனுப்புவது என்பதை மருத்துவரின் மனம் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கியதைப் போன்ற முறையே தீர்மானித்தது. வசதியுள்ளவர் ஒரு பக்கமும் மெலிந்தவர் ஒரு பக்கமும் சேர்ந்துவிடாமல் இருக்க இதுவே வழி. இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு, பன்னிரண்டு மாதம்: பாஸும் ஐசோனியாசிடும்.

இங்கேதான் தொடர்தல் என்னும் கலை தொடங்குகிறது. சானடோரியத்தில் தாதி கண்ணெதிரே மருந்து கொடுக்கலாம். வீட்டில் இருப்பவர் விழுங்கினார் என்பதற்கு என்ன சாட்சி? மையத்தின் சுகாதாரப் பணியாளர்கள் சந்துசந்தாகச் சென்று நோயாளரின் வீட்டைக் கண்டனர். வீட்டு எண் இல்லாத குடியிருப்புகளில் அடையாளம் கேட்டுக் கேட்டு நடந்தனர். முன்னறிவிப்பின்றிச் சென்று எஞ்சியுள்ள மருந்தை எண்ணினர். சிறுநீரை வாங்கி வந்து சோதித்தனர். பாஸ் உடலுக்குள் சென்றிருந்தால், ஃபெரிக் குளோரைடு என்னும் இரசாயனம் சேர்ந்தவுடன் அந்நீர் நிறம் மாறிக் காட்டும். குறித்த நாளில் வராதவரைத் தேடி ஆள் சென்றது. எவரையும் கைவிட்ட கணக்கில் எழுதிவிடுவதற்கு அவர்கள் அவசரப்படவில்லை.

இச்சோதனைகள் ஃபாக்ஸுக்கு ஓர் உண்மையை உணர்த்தின. 1958-இல் அவர் அதுபற்றியே ஒரு கட்டுரை எழுதினார். நோயாளர் மருந்தை நிறுத்துவது பெரும்பாலும் நோய் முற்றியபோதன்று, உடல் தேறியபோது. இருமல் நின்று, பசி எடுத்து, வேலைக்குப் போகத் தொடங்கியவுடன், கசக்கும் மருந்தை நாள்தோறும் விழுங்க மனம் ஒப்புவதில்லை. இது மனித இயல்பு. கற்றவர், கல்லாதவர் என்ற வேறுபாடு இதில் பெரிதில்லை.

கண்ட முடிவுகள்

1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வெளிவந்தது. ஓராண்டின் இறுதியில், வீட்டிலிருந்தோரில் நூற்றுக்கு 86 பேருக்கும், சானடோரியத்தில் இருந்தோரில் நூற்றுக்கு 92 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறிது. ஐந்தாண்டு வரை தொடர்ந்து பார்த்தபோதும் இரு சாராரும் ஏறக்குறையச் சமமாகவே நின்றனர். தூய காற்றும் படுக்கை ஓய்வும் இல்லாமலே, பட்டணத்துக் குடிசையில் இருந்தபடியே ஏழை நோயாளர் குணமடையலாம் என்பது எண்களால் நிறுவப்பட்டது. சானடோரியத்துக்குச் சென்றவர்களின் குடும்பங்களிலோ பிரிவின் துன்பம் மிகுந்தது. முடிவு வரை தங்காமல் வெளியேறியவர்களும் அவர்களிடையேதான் அதிகம்.

உணவைப் பற்றிய முடிவு இன்னும் வியப்பைத் தந்தது. சானடோரியத்தில் இருந்தோர் நன்கு உண்டனர். உடல் எடையும் கூடினர். வீட்டிலிருந்தோர் உணவு எல்லா வகையிலும் தாழ்ந்தது. அவர்களிற் பலர் உழைத்துக்கொண்டும் இருந்தனர். எனினும் கிருமி அழிந்த கணக்கில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடில்லை.

நம் குடும்பங்கள் எல்லாவற்றிலும் மேலாகக் கருத்தில் கொள்ளவேண்டியது மூன்றாவது முடிவு. நோயாளரோடு வாழ்ந்த உறவினரையும் மையம் ஐந்தாண்டு தொடர்ந்து பரிசோதித்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவரோடு வாழ்ந்தோருக்கும், சானடோரியத்துக்குச் சென்றவரின் வீட்டாருக்கும் நோய் கண்ட அளவில் வேறுபாடு தென்படவில்லை. இஃது எவ்வாறு? நோயாளர் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன், பெயர் தெரியாத இருமலோடு வீட்டில் கழித்த நாள்களிலேயே தொற்றிப் பரவவேண்டியது பரவிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் சளியிலுள்ள கிருமி விரைந்து குறைகிறது. ஆகவே அச்சத்துக்குரிய காலம் சிகிச்சைக் காலமன்று; சிகிச்சைக்கு முந்திய காலமே. நோயாளரைத் தள்ளிவைப்பதால் வீட்டாருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு சிறிது. அவரை விரைவில் கண்டறிவதால் கிடைக்கும் பாதுகாப்பு பெரிது.

உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கும், பொது மருத்துவமனைகளாக மாறியதற்கும் இவ்வாய்வு ஒரு பெருங்காரணம். இலண்டனிலோ நியூயார்க்கிலோ செய்யாத ஒன்றைச் சென்னை செய்து காட்டிற்று.

சென்னை சொன்னதும் சொல்லாததும்

ஆயினும் வெற்றி பெற்ற ஆய்வு எளிதில் தவறாகப் படிக்கப்படும். வீட்டிலேயே குணமாகும் என்ற சொல்லை அரசுகள் விரைந்து பற்றிக்கொண்டன, செலவு குறைவல்லவா! ஆனால் சென்னையில் வீடு மருத்துவமனையாக மாறியதற்குக் காரணம், அவ்வீட்டு வாசலுக்கு ஒருவர் திரும்பத் திரும்ப வந்ததே. அந்த வருகையை விடுத்து மாத்திரையை மட்டும் கையில் கொடுத்தனுப்பினால், அது சென்னையில் சோதிக்கப்பட்ட சிகிச்சையாகாது.

1962-இல் இந்தியாவில் தேசியக் காசநோய்த் திட்டம் மாவட்ட அளவில் தொடங்கப்பட்டது. நோக்கம் உயர்ந்தது. அதற்கு அடித்தளமாகப் பெங்களூரில் 1959-இல் தேசியக் காசநோய் நிறுவனம் ஏற்பட்டிருந்தது. அந்நிறுவனத்தைச் சார்ந்த தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் பகுதிக் கிராமங்களில் விசாரித்து 1963-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். நோயின் அறிகுறி உடையவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தாமாகவே ஏதேனும் ஒரு மருத்துவ நிலையத்துக்குச் சென்றிருந்தனர். அங்கே சளி சோதிக்கப்படவில்லை. ஒரு புட்டி இருமல் மருந்தோடு திருப்பி அனுப்பப்பட்டிருந்தனர். மக்கள் அறியாமையால் வருவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இது தக்க விடை. மக்கள் வந்தனர், வந்தவரை அடையாளம் காண்பார் இல்லை.

அத்திட்டத்தில் மருந்து தொடங்கியவர்களில் பெரும்பகுதியினர் முடிக்கவில்லை. 1992-இல் திட்டம் மறுஆய்வு செய்யப்பட்டபோது, முழுச் சிகிச்சையை நிறைவு செய்தவர் பாதிக்கும் குறைவு என்பது தெரிந்தது. பாதியில் விட்ட மருந்து, கொள்ளாத மருந்தைவிடத் தீங்கானது. அது கிருமிக்குப் பயிற்சி அளிக்கிறது. மருந்துக்கு அடங்காத காசநோய் இன்று உலகை அச்சுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கான மாற்றையும் சென்னையே முன்னர் காட்டியிருந்தது என்பது வரலாற்றின் விந்தை. 1964-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், வாரம் இருமுறை மட்டும் நோயாளரை மையத்துக்கு வரவழைத்து, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டு, ஐசோனியாசிடைப் பணியாளர் கண்ணெதிரே விழுங்கச் செய்தனர். நாள்தோறும் வீட்டில் தாமே விழுங்கிய மருந்துக்கு அது குறைந்ததாக இல்லை. 1993-இல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலகளாவிய நெருக்கடி என்று அறிவித்தது. அதன்பின் ‘டாட்ஸ்’ என்ற பெயரில் நாடுகள்தோறும் பரப்பிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு இதுவே ஒரு முன்னோடி. இந்தியாவில் 1997-இல் விரிவடையத் தொடங்கிய அத்திட்டம் 2006-இல் நாடு முழுவதையும் எட்டிற்று. ரிஃபாம்பிசின் என்னும் வலிய மருந்து சேர்ந்ததால், ஓராண்டுக்கு மேல் நீண்டிருந்த சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கிற்று.

கண்ணெதிரே விழுங்கச் செய்தல் என்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. அன்போடு செய்தால் அது துணை. அதட்டலோடு செய்தால் அது காவல். கூலி வேலைக்குச் செல்பவரை, வேலை நேரத்தில் வந்தால்தான் மருந்து என்று வற்புறுத்தினால், அவர் மருந்தையே விட்டுவிடுவார். வாசலில் நின்று உரத்த குரலில் பெயர் சொல்லி அழைக்கும் பணியாளர், அத்தெருவில் வேறு மூன்று பேரைச் சளிச் சோதனைக்கு வராமல் செய்துவிடுவார். நோயாளரின் பெயர் ஓர் அமானிதம். அதனைக் காக்கத் தெரியாதவர் கையில் பதிவேடு இருத்தல் கூடாது.

உணவைப் பற்றி மீண்டும்

சென்னை ஆய்வைக் காட்டி, காசநோய்க்கு உணவு முக்கியமன்று என்று வெகுகாலம் பேசப்பட்டது. அவ்வாய்வு சொன்னது அதுவன்று. சரியாக மருந்து கொள்பவருக்கு, உணவு தாழ்ந்திருந்தாலும் கிருமி அழியும் என்றே அது சொல்லிற்று. கிருமி உள்ளே நுழைந்தவர்களில் யார் நோயில் விழுவர், விழுந்தவரில் யார் இறப்பர் என்பது வேறு கேள்வி.

அக்கேள்விக்கு விடை 2023-இல் வந்தது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகிய மருத்துவர்கள் நடத்திய ‘ரேஷன்ஸ்’ என்னும் ஆய்வில் சென்னை நிறுவனமும் பங்கு கொண்டது. 2,800 நோயாளரும், அவர்களோடு வாழ்ந்த 10,345 பேரும் அதில் இடம்பெற்றனர். நோயாளர் அனைவருக்கும் உணவுப் பொருள்கள் தரப்பட்டன. ஒரு சாராரின் வீடுகளில் மட்டும், உடன் வாழ்ந்தோருக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு முதலியன அளிக்கப்பட்டன. அவ்வீடுகளில் புதிதாக நோய் கண்டவர், மற்ற வீடுகளைவிட நூற்றுக்கு 39 என்னும் அளவில் குறைந்தனர். ஒரு குடும்பம் வயிறார உண்பதும் நோய்த்தடுப்பே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இதே திசையில் ஒரு படி. நோய் கண்டவுடனே எடை மிகக் குறைந்துள்ளதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சுத் திணறுகிறதா, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்திலிருப்போரை மட்டும் மருத்துவமனையில் சேர்க்கின்றனர். எல்லோருக்கும் படுக்கை என்ற பழைய கனவும், எவருக்கும் படுக்கை வேண்டாம் என்ற பிந்திய எண்ணமும் இதில் நடுநிலைக்கு வந்திருக்கின்றன.

நம் இல்லங்களின் பொறுப்பு

இவ்வளவு வரலாற்றையும் விரித்தது பழம்பெருமை பேசுவதற்காக அன்று. 2023-ஆம் ஆண்டில் உலகில் 1 கோடியே 8 லட்சம் பேர் காசநோய்க்கு ஆளாயினர். 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தனர். நோயுற்றோரில் நூற்றுக்கு 26 பேர் இந்தியாவில் வாழ்பவர்கள். குணப்படுத்தக்கூடிய ஒரு நோயால் இத்தனை பேர் இறக்கின்றனர்.

2012 முதல் இந்தியாவில் தனியார் மருத்துவர்களும் தாம் காணும் காசநோயாளரை அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்பது ஆணை. அதற்கென ‘நி-க்ஷய்’ என்னும் மின்னணுப் பதிவேடும் ஏற்பட்டுள்ளது. 1897-இல் நியூயார்க்கில் எழுந்த அச்சங்கள் இன்று நம் வீடுகளிலும் எழுகின்றன. மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம், இப்போது இது வெளியே தெரியலாமா என்கிறார் தந்தை. மருமகளுக்கு நோய் என்றால் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர். தூரத்து ஊரில் வேறு பெயரில் மருத்துவரைப் பார்ப்போரும் உண்டு. வெளியூரில் பிழைக்கச் சென்ற பிள்ளை இருமலோடு திரும்பினால், களைப்பு என்று சொல்லி மூடிவைப்போரும் உண்டு.

இக்குடும்பங்களை நாம் பழிக்கவில்லை. அவர்கள் அஞ்சுவது கற்பனையன்று, ஊர்வாய் பொல்லாதது. ஆனால் சென்னை ஆய்வு எடுத்துரைத்த ஒன்றை அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். மூடிவைக்கும் அந்த வாரங்களே வீட்டிலுள்ள குழந்தைக்கு ஆபத்தான வாரங்கள். எந்த மகளின் திருமணத்தைக் காப்பதற்காக மறைக்கின்றனரோ, அம்மகளே அந்த அறையில் உறங்குகிறாள். சிகிச்சையைத் தொடங்கிவிட்டால், அவளுக்கு வரக்கூடிய தீங்கு நாளுக்கு நாள் குறைகிறது. ஆறு மாதச் சிகிச்சையை முறையாக முடித்த பெண், மற்றப் பெண்களைப் போலவே மணந்து வாழலாம்; பிள்ளை பெறலாம். அவளைத் தள்ளிவைப்பதற்கு மருத்துவம் ஒரு காரணமும் காட்டவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவை தோன்றினால் சளியைச் சோதித்தல் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். நோய் உறுதியானால் வீட்டிலுள்ள அனைவரையும், முதியவர் குழந்தை என்று பாராமல், அழைத்துச் செல்லவேண்டும். நோயில்லாதவருக்கும் அது வராமல் தடுக்கும் மருந்து இன்று உண்டு. 2021-இல் வந்த புதிய வழிகாட்டுதலின்படி, நோயாளரின் வீட்டார் எல்லா வயதினருக்கும் அது பரிந்துரைக்கப்படுகிறது. இருமல் நின்றபின் மாத்திரையை நிறுத்த எவரேனும் எண்ணினால், வீட்டிலொருவர் அவரருகில் அமர்ந்து அன்றைய மாத்திரையை எடுத்துக் கொடுக்கவேண்டும். முன்னாளில் சுகாதாரப் பணியாளர் வெயிலில் நடந்துவந்து செய்த வேலை அது. அதனைத் தாயோ மகனோ வீட்டிலிருந்தே செய்யலாம்.

நம் மஹல்லாக்களில் செல்வாக்குள்ள பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோயுற்ற குடும்பத்தை விசாரித்தறிந்து உதவுவது நம்மிடையே வழிவழி வந்த பழக்கம். காசநோய் என்று கேள்விப்பட்டால் மட்டும் அப்பழக்கம் வாசலில் நின்றுவிடுகிறது. சம்பாதிப்பவர் படுத்துவிட்ட வீட்டுக்கு, பெயரை வெளியிடாமல் ஆறு மாத அரிசியும் பருப்பும் சென்று சேருமாறு ஏற்பாடு செய்தால், நோயாளர் மருந்தை முடிப்பார். அவர் பிள்ளைகளும் நோயிலிருந்து காக்கப்படுவர். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு தெருவில் அத்தகைய குடும்பம் எது என்பதை அறிந்தவர் ஒருவரும், அதனை மற்றவரிடம் சொல்லாத வாய் ஒன்றும் இருந்தால் போதும்.